ஏழுகிடைப் பெட்டியில் இருந்த மண்

என் கூடப் பிறந்த ராசா, அழகர் அண்ணே,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள். வலது உள்ளங்கையில் ஒன்பது தையல், நெற்றியில் ஆறு. தையல்காரிக்கே பதினைந்து தையலா என்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெற்றி வலிக்கிறது.

நீ திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். இந்தப் பங்குனி உத்திரத்தன்று, நம் கோயில் வாசலில், மேலக் கூட்டமும் கீழக் கூட்டமும் எதிரெதிரே நிற்க, சாமிப்பெட்டிக்குள் இருப்பது என்ன மண் என்று சொல்லிவிட்டேன். உன்னை வெட்டின செல்லையாவும் கேட்டுக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருசம் கழித்துச் சொன்னதில் என்னட்டி பெருமை என்று கேட்பாய். கேள். நானும் என்னை அதைத்தான் கேட்கிறேன்.

உன் மருமகன் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ பார்க்காத பிள்ளை. உன் பேரைத்தான் வைத்தேன், வீட்டில் சின்னழகு என்று கூப்பிடுகிறோம். இருபது வயது, வெல்டிங் படித்திருக்கிறான். நான் புதியம்புத்தூரில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத்தான் படிக்க வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டம், மாதத்தில் பாதி நாள் வடக்கேதான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பாஸ்போர்ட் எழுதப் போனோம். கம்ப்யூட்டர் சென்டர் பிள்ளை, "சர்நேம் என்னக்கா?" என்று கேட்டது. நமக்கு எங்கே சர்நேம்? இனிஷியல்தானே. நான் முழித்தேன்.

அவன் முழிக்கவில்லை. "ஏழுகிடைன்னு போடுங்க" என்றான்.

"ஏலே, அது எங்க ஐயா வகையறால்லா? ஒங்க அப்பா வகையறா வேறலே" என்றேன்.

"எங்க மாமா அந்தப் பேருக்குத்தானம்மா உசுர விட்டாவ. போடுங்கக்கா."

அவன் பைக்கின் முன்னாலும் அதே பேர்தான் ஒட்டியிருந்தது, இரண்டு பக்கமும் அருவாள் படத்தோடு. பொம்பிளைப் பிள்ளைக்குத் தாலி ஏறினால் வகையறா போய்விடும் என்பார்கள். வெட்டுக்கு ஆள் வேண்டும் என்றால் மட்டும் அவள் பெற்ற பிள்ளையும் வகையறாவில் சேர்த்தியாம். எந்த ஊர் நியாயம் அண்ணே இது?

அந்தப் பேர் வந்த கதையை ஐயா எத்தனை தரம் சொல்லியிருப்பார். வைகைக்கு வடக்கே ஏழு அண்ணன் தம்பிகள், ஆளுக்கு ஒரு கிடை ஆடு. மழை பொய்த்த வருசம், அந்தச் சீமையை ஆண்ட ராசா ஆட்டைக் கேட்டான். மூத்தவன் கொடுக்க மாட்டேன் என்றான். அவன் தலையை வெட்டிக் கிடைக் கம்பில் குத்தி வைத்தார்கள். மிச்ச ஆறு பேரும் ஆட்டைப் பத்திக்கொண்டு தெற்கே ஓடி வந்தார்கள். ஊர் விட்டு ஊர் போகிற குடும்பம் குலசாமி வாசலில் ஒரு பிடி மண் எடுத்துப் போகும், பிடிமண் என்போம். நம் ஆட்கள் அள்ளி வந்தது சாமி வாசல் மண் இல்லை, அண்ணன் ரத்தம் குடித்த மண். "செக்கச்செவேல்னு இருக்கும்லே, நெருப்பு மாரி" என்பார் ஐயா.

அறுத்த காட்டிலெல்லாம் கிடை மறித்து, ஆட்டு எருவுக்குக் கூலியாகக் கம்பும் சோளமும் வாங்கித் தின்று, வழியில் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொருத்தனாகத் தங்கி, கடைசி இரண்டு பேர் இந்தக் கரிசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓடைக்கு மேற்கே ஒருத்தன், கிழக்கே ஒருத்தன். அவர்கள் வழிதான் மேலக் கூட்டமும் கீழக் கூட்டமும். மண்ணைச் சுமந்து வந்தவன் எவனோ அவன் வாரிசுக்குத்தான் பெட்டியும் முதல் மரியாதையும். சுமந்தது எங்க பாட்டன் என்று நாம், இல்லை எங்க பாட்டன் என்று அவர்கள். ஆறு ஆம்பிளைகள் ஓடி வந்தார்களே, கஞ்சி காய்ச்ச ஒருத்திகூடவா கூட வரவில்லை? இதை ஒருநாள் ஐயாவிடம் கேட்டதற்குத்தான் என் முதுகில் விளக்குமாறு பிய்ந்தது.

அப்புறம் அந்த மத்தியானம். தாத்தா செத்த வருசம், எனக்குப் பதினொன்று, உனக்குப் பதினாலு. பெட்டி ஐயா கைக்கு வருகிறது. கை மாறும்போது மட்டும்தான் அதைத் திறப்பார்கள். போன தரம் திறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பொட்டப்பிள்ளை தொடக்கூடாது, தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தொட வைத்தார்கள். ஐயாவும் அம்மாவும் காட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பரணிலிருந்து இறக்கி, வெளிச்சத்தில் பார்ப்போமே என்று முற்றத்துக்குக் கொண்டு வந்தேன். கை வழுக்கி, ஆடு குடிக்கிற கழனித்தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. ஆணி துருவேறியிருந்த மூடி திறந்துகொண்டது.

நீயும் ஓடி வந்து பார்த்தாயே. செக்கச்செவேலா இருந்தது அது? சாம்பல் நிறத்தில் ஒரு கரண்டித் தூசி. நாம் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வெள்ளாடு வாயை விட்டு உறிஞ்சிவிட்டது.

"ஏட்டி கோட்டிக்காரி, பாட்டன் ரத்தத்த ஆட்டுக்கு வச்சிட்டியே!" என்று முதலில் சிரித்தாய். நான் அழுததும் உன் முகம் மாறிவிட்டது. "அழாத. ஐயாவுக்குத் தெரிஞ்சா ஒன்னயத் தோல உரிச்சுருவாவ. நீ பேசாம இரு, நா பாத்துக்கிடுதேன்" என்று பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினாய். கரிசலில் ரோடு நிற்காது என்று செம்மண்ணை லாரியில் கொண்டு வந்து குவித்திருந்தார்கள். டவுசர் பை இரண்டிலும் அள்ளி வந்தாய். தார் ஒட்டின ஜல்லி நாலைந்தும் அதில் கிடந்தது. பொறுக்கிப் போடலாம் என்றேன். "கெடக்கட்டும்ட்டி, கனம் இருந்தாத்தான் சாமின்னு நம்புவாவ" என்று ஜல்லியைக் கீழே போட்டு, மேலே செம்மண்ணைப் பரப்பி ஆணி அடித்தாய்.

"எந் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. நீ வெளிய சொன்னா நான் செத்துப் போவேன், பாத்துக்க" என்றாய். உன் எண்ணெய்த் தலையில் கை வைத்து அடித்தேன்.

பங்குனி உத்திரத்தன்று ஐயா மூடியைத் திறந்தார். "பாருங்கய்யா! எத்தன தலமொற! இன்னும் ரத்தம் காயல!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பொம்பிளைகள் குலவை போட்டார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை நெற்றியில் பூசினார்கள். நீ என் தொடையைக் கிள்ளினாய். நாம் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். அதுதான் நாம் சேர்ந்து சிரித்ததிலேயே பெரிய சிரிப்பு, இல்லையா?

அந்தச் சிரிப்புதான் உன் கழுத்துக்கு வந்தது. அதுவரைக்கும் ஏழுகிடை வெறும் பேர், கல்யாணம் பேசும்போது கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். மண் சிவப்பாக இருந்ததும் அந்தப் பேருக்கு வெறி பிடித்துவிட்டது. ரத்தம் காயாமல் இருக்கிறது, சாமி பழி கேட்கிறது என்று ஊர் ஊராகப் பேசினார்கள். மூத்த பாட்டன் ரத்தம் எங்கள் வீட்டில் இருக்கவேண்டியது என்று கீழக் கூட்டம் வந்து நின்றது. ஐயா மீசையை முறுக்கினார். அடுத்தடுத்த வருசங்களில் முதலில் வாய்ச்சண்டை, பிறகு கம்பு, பிறகு கல்.

எட்டாவது வருச உத்திரத்துக்கு அருவாள். பொங்கல் பானைகள் பொங்கிக்கொண்டிருந்த உச்சி நேரம். உன் இடுப்பில் பெட்டி. கூட்டம் சிதறி, புழுதிக்குள்ளிருந்து கீழக் கூட்டத்துச் செல்லையா வந்தான்.

"பெட்டிய கீழ வையிலே அழகரு. ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"ஐயா கையில குடுத்தது. ஐயா சொன்னா வைக்கேன்" என்றாய்.

ஐயா பின்னாலிருந்து கத்தினார்: "உசுரே போனாலும் விடாதலே!"

நீ என்னைப் பார்த்தாய். அகப்பையும் கையுமாக நான் பத்தடியில் நின்றேன். சொல்லாதே என்று பார்த்தாய். அது ரோட்டு மண்ணு, பஸ் ஸ்டாப்பு மண்ணு என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். ஆனால் உன் தலையில் அடித்த சத்தியமாச்சே. நான் வாயைத் திறந்தால் நீ செத்துப் போவாய் என்றல்லவா நம்பியிருந்தேன்? பத்தொன்பது வயதுக் கழுதை, அதைப் போய் நம்பினேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வெட்டு தோளில். நீ பெட்டியை விடவில்லை. இரண்டாவது வெட்டு கழுத்தில். பச்சை மட்டையைப் பிளக்கிற சத்தம், அண்ணே, இன்றைக்கும் துணி வெட்டுகிற மிஷின் இறங்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது. உன் ரத்தம் தேங்கக்கூட இல்லை. பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக்கிடந்த கரிசல், நான் ஓடி வருவதற்குள் குடித்துவிட்டது. ஐயாவும் ஓடி வந்தார். வந்து முதலில் பெட்டியை எடுத்தார். துண்டால் அதைத் துடைத்தார். உன்னை நான்தான் மடியில் எடுத்தேன்.

உன்னைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கே கீழக் கூட்டத்தின் வைக்கோல் படப்புகளும் நாலு வீடும் எரிந்தன. செல்லையாவின் தம்பிக்கு இப்போது ஒரு கை கிடையாது. அதை எடுத்தது ஐயாவின் தம்பி, நம் சின்னையா. செல்லையாவுக்கு ஆயுள் தண்டனை, கோயிலுக்குப் பூட்டு. கருமாதி முடிந்த கையோடு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சொல்லி என்ன? சொன்னால் ஐயா தூக்கில் தொங்கிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருசத்துக்கு முன்னால் செத்துப் போனார். தலைமாட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அப்போதும் நான் சொல்லவில்லை.

இந்த வருசம் இரண்டு கூட்டத்தையும் உட்கார வைத்துப் பேசிக் கோயிலைத் திறந்தார்கள். பெட்டி சின்னையா கைக்கு வருகிறது, அதனால் திறந்தாக வேண்டும். உத்திரத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் சின்னையா என் வீட்டுக்கு வந்தார். என் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே என் பிள்ளையிடம் சொல்கிறார்: "செல்லையா வெளிய வந்துட்டான்லே. வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு உத்திரத்துக்கு வாரானாம். மாமன் பேர வச்சுக்கிட்டு நீ பாத்துக்கிட்டு நிப்பியோ?" நான் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், தைக்கப் போட்டிருந்த யூனிபார்ம் மூட்டைக்குள் கையை விட்டால் இரும்பு தட்டுகிறது. புதுசாக அடித்த அருவாள், நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. நான் ஒளித்து வைத்தேன். அவன் தேடி எடுத்துக்கொண்டு உத்திரத்தன்று எனக்கு முன்னாலேயே போய்விட்டான்.

நான் போய்ச் சேரும்போது சின்னையா மூடியைத் திறந்து, "ரத்தம் பாருங்கலே, ரத்தம்!" என்று தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கீழக் கூட்டத்தில் ஒருத்தன், "எங்க பாட்டன் ரத்தத்துக்கு நீ யாருவே?" என்றான். செல்லையா முன்வரிசையில் நின்றான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போய். சின்னழகு கை பின்னிடுப்புக்குப் போனதைப் பார்த்தேன்.

பொம்பிளை மிதிக்காத பீடத்தில் ஏறிவிட்டேன், அண்ணே. எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"அது ரத்தம் இல்ல! ரோட்டு மண்ணு! பெட்டியத் தொட்டிக்குள்ள போட்டவ நானு. பஸ் ஸ்டாப்புல மண்ணள்ளி ரொப்புனது எங்க அண்ணன் அழகரு!"

"கோட்டி பிடிச்சிருக்கு இவளுக்கு, இழுத்து எறக்குங்கலே" என்றார் சின்னையா.

"கொட்டிப் பாருங்க. அடியில தார் ஒட்டுன ஜல்லி கெடக்கும். இல்லன்னா எங் கழுத்த வெட்டிக்கிடுங்க!"

கூட்டத்திலிருந்து யாரோ பெட்டியைத் தட்டிவிட்டார்கள். கீழே விரித்திருந்த வெள்ளைத் துண்டில் செம்மண் கொட்டியது. அதன் மேலே நாலு ஜல்லிக்கல் உருண்டது, தாரோடு. அடுத்த நொடி சின்னையா பெட்டி மூடியால் என் நெற்றியில் அடித்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அந்த ரத்தத்துக்குள்ளேதான் பார்க்கிறேன், என் பிள்ளை அருவாளை ஓங்கிக்கொண்டு வருகிறான். செல்லையா பக்கம் இல்லை, சின்னையாவை நோக்கி! "எங்கம்மாவையாலே அடிச்சே!" என்று. பழிக்கென்று அடித்த இரும்புக்கு ஆள் மாறினால் என்ன, ஒரு கழுத்துக் கிடைத்தால் போதும்.

இந்தத் தரம் நான் அகப்பையோடு நிற்கவில்லை. குறுக்கே போய் அந்த அருவாளைக் கையால் பிடித்தேன். எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. நான் விடவில்லை, அவன்தான் விட்டான். விட்டுவிட்டு "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

செல்லையா குத்தவைத்து உட்கார்ந்து அந்த ஜல்லியில் ஒன்றை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தாயி, இதுக்கா நா அவன வெட்டுனேன்?" என்று கேட்டான்.

"ரத்தமாவே இருந்தா மட்டும் வெட்டலாமாவே?" என்றேன்.

அவன் அழுதான். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பு என் மடியில் இல்லை, அது உன்னுடையது. நீ வேண்டுமானால் கொடு.

இப்போது இரண்டு கூட்டத்துக்கும் நான்தான் எதிரி. நான் விலைபோய்விட்டேன் என்கிறார் சின்னையா. மேலக் கூட்டம் இத்தனை வருசம் ஏமாற்றியது என்கிறது கீழக் கூட்டம். அந்த ஜல்லியும் பாட்டன் காலத்து ஜல்லிதான் என்று ஒருத்தன் சொல்கிறானாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெட்டி உடைந்து கிடக்கிறது. எல்லோரும் பார்க்கத்தான் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ள ஒருத்தனும் வரவில்லை.

சின்னழகு நாலு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் என் நூல் வெட்டுகிற பிளேடை எடுத்துப்போய்ப் பைக்கில் இருந்த பேரைச் சுரண்டினான். பாஸ்போர்ட்டை மறுபடி எழுதப் போனோம். "அந்தக் கட்டம் கட்டாயமில்லக்கா, வெறுமனேயும் விடலாம்" என்றது கம்ப்யூட்டர் பிள்ளை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெறுமனே விடலாமாம் அண்ணே. இதை நமக்கு யாரும் சொல்லவில்லையே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். சொல்லாதே என்று பார்த்தாய் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அது எனக்குத் தெரியாது. நீ பார்த்தாய், அது மட்டும்தான் நிஜம். மிச்சம் நான் சேர்த்தது, ஐயா தூசியைச் செக்கச்செவேல் ஆக்கின மாதிரி. சொல்லுட்டி பேச்சி, இப்போதாவது சொல்லித் தொலையேன் என்றுதான் பார்த்தாயோ? நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாயோ? அந்த இரண்டாவது வெட்டு வரைக்கும் காத்திருந்தாயோ?

அடுத்த பங்குனி உத்திரத்துக்கும் வருவேன். கல்லால் அடித்தாலும் வருவேன். நீ விழுந்த இடத்தில் நின்று, இதே கதையை, ஆடு குடித்ததிலிருந்து சொல்லுவேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் உனக்குச் சொல்லுவேன். இனி யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். இது சத்தியம் இல்லை, வெறும் சொல்.

இப்படிக்கு,
பேச்சி.
அழகருக்குத் தங்கச்சி. வேறு வகையறா கிடையாது.